ஒரே வீடு, ரெண்டு கல்லறைத் தோட்டம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு,

போன இதழ்ல சபை ஐக்கியம் பத்தின கட்டுரைல "தென்னிந்தியாவில் சபைப் பிரிவினை 1947இல் முடிவுக்கு வந்தது"ன்னு ஒரு வரி. படிச்சதுல இருந்து மனசே சரியில்ல.

1947 செப்டம்பர் 27 மெட்ராஸ் கதீட்ரல்ல நடந்தது பெரிய காரியம்தான். ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், 1908லயே ஒண்ணாயிருந்த பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல்காரங்க எல்லாரும் சேர்ந்து சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை ஆனாங்க. அதுக்கே 1919ல தரங்கம்பாடில பேச ஆரம்பிச்சு 28 வருஷம் ஆச்சு. எங்க திருச்செந்தூர் பக்கம் வெள்ளாளன்விளைல பிறந்த அசரியா பிஷப் அதுக்காகவே ஓடி ஓடி உழைச்சு, 1945 ஜனவரி 1ம் தேதி அதைப் பாக்காமலே கண்ண மூடிட்டாரு. கூட்டம் நடந்த அதே தரங்கம்பாடில வேர்விட்ட லுத்தரன் சபை சேரவே இல்ல. கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே எல்லாம் தனித்தனிதான். உங்களுக்குத் தெரியாததா ஐயா? தெரிஞ்சும் எப்படி முடிஞ்சுதுன்னு போட்டீங்க?

எங்க அம்மா ஒரு சபை, அப்பா ஒரு சபை. அம்மா 'ஆண்டவரே'ம்பாங்க, அப்பா 'கர்த்தாவே'ம்பாரு, 41 வருஷம் ஒரே பாய்ல முழங்கால் போட்டு ஜெபம் பண்ணாங்க. அம்மா தவறினப்ப அப்பா சபைக் கல்லறைத் தோட்டத்துல இடம் கேட்டோம். அந்தம்மா பேரு நம்ம ரெஜிஸ்டர்ல இல்லையேன்னு கமிட்டில சொல்லிட்டாங்க. அடை மழை, அம்மாவை வீட்ல கிடத்திட்டு அண்ணன் ரெண்டு சபைக்கும் நடையா நடந்தான். கடைசில அம்மாவை ஊருக்கு வடக்க வச்சோம், ஆறு வருஷம் கழிச்சு அப்பாவை தெற்க வச்சோம். எந்தச் சபைன்னு எழுத மாட்டேன், எழுதினா அதுக்கும் ஒரு சண்டை வரும்.

என் மகளுக்குப் பேசின இடத்துல, மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்தாத்தான் கல்யாணம்னாங்க. அப்போ குழந்தைல நாங்க தூக்கிட்டுப் போய்க் கொடுத்தது என்ன? அவ ராத்திரி பூரா அழுதா, அந்த சம்பந்தமே வேண்டாம்னுட்டோம். சபைக்குள்ள சாதி பாக்குறதை நான் தொடவே இல்ல, தொட்டா இந்த லெட்டர் முடியாது.

நல்லதே நடக்கலன்னு சொல்லல. 1995ல கத்தோலிக்கரும் மத்த சபைக்காரங்களும் சேர்ந்து ஒரே பைபிளா பொது மொழிபெயர்ப்பு கொண்டு வந்தாங்களே, எவ்வளவு பெரிய உழைப்பு! எங்க பக்கம் அதை ஆராதனைல வாசிச்சு நான் இன்னும் கேக்கல. "அவர்களெல்லாரும் ஒன்றாயிருக்கவும்"னு இயேசு ஜெபிச்சதை சி.எஸ்.ஐ. சின்னத்துலயே போட்டிருக்கோம், ஆனா கல்லறைல ஆறடி இடம் கொடுக்க மனசு வரலயே ஐயா.

நான் கேக்குறது ஒண்ணுதான். ஜனவரி 18ல இருந்து 25 வரைக்கும் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம் வருது. வருஷா வருஷம் அந்த அறிவிப்பை, அதுவும் முடிஞ்ச பிறகு, கடைசிப் பக்கத்துல ரெண்டு வரி போடுறீங்க. இந்தத் தடவை ஒரு வாரம் முன்னாடியே போடுங்க. எந்தக் கோவில்ல எத்தனை மணிக்கு ஜெபம்னு, சபை வாரியா பிரிக்காம, தெரு வாரியா ஒரே பட்டியலா போடுங்க.

இப்படிக்கு,
22 வருஷமா சந்தா கட்டுற வாசகி,
திருச்செந்தூர் வட்டம்