தராசுக்குப் பக்கத்தில் தொங்கும் அட்டை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு விசுவமடுவிலிருந்து வணக்கம்.

இரண்டு கிழமையாகத் தராசுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு வெள்ளைக் கட்ட அட்டை தொங்குகிறது. அதைப் பார்த்தவர்கள் எல்லாம் "இனிக் காசு வாங்க மாட்டியளோ?" என்று கேட்கிறீர்கள். வாங்குவோம். கடன் கொப்பியும் இருக்கும். ஆனால் கடையில் வேறு சில விடயங்கள் மாறுகின்றன. உரமூடை ஏற்றுகிற அவசரத்தில் அவற்றை விளக்கிச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறோம்.

அந்த அட்டை லங்கா கியூஆர். மத்திய வங்கி நாடு முழுவதற்கும் வகுத்த பொது முறை அது. அதில் சேர்ந்த எந்த வங்கியின் செயலி உங்கள் போனில் இருந்தாலும் இதே அட்டையை ஸ்கான் பண்ணிக் காசு கட்டலாம். 2022 இல் பெற்றோலுக்கு அலைந்த நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று அளந்தார்களே, அந்தக் கியூஆரைப் பிரின்ட் எடுத்துப் பொலித்தீன் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துத் திரிந்தோம். அப்போது அட்டை உங்களிடம், போன் பெற்றோல் அடிப்பவர்களிடம். இப்போது அட்டை எங்களிடம், போன் உங்களிடம். இதற்கு வங்கி எங்களிடம் பிடிக்கும் சிறு கட்டணத்தை உங்கள் பில்லில் ஏற்ற மாட்டோம்.

காசு போட்ட பிறகு, எங்கள் போனுக்குச் செய்தி வரும் வரை ஒரு நிமிடம் பொறுங்கள். ஸ்கிரீன்சொட்டை மட்டும் பார்த்துச் சாமான் கொடுப்பதில்லை என்று எல்லோருக்கும் ஒரே ஒழுங்கு வைத்திருக்கிறோம். மழைக்குச் சிக்னல் விழுந்தால் கொப்பியில் எழுதிவிட்டுப் போங்கள். அப்புறம், வங்கி உங்கள் போனுக்கு அனுப்பும் ஒருமுறை இரகசிய இலக்கத்தை (ஓரிபி, OTP) யாருக்கும் சொல்லாதீர்கள், நாங்களே கேட்டாலும் சொல்லாதீர்கள். நம் கடைக்கு வரும் ஒரு அம்மாவுக்கு, பரிசு விழுந்திருக்கிறது என்று அழைப்பு வந்தது. அவர் இலக்கத்தைச் சொன்னார். மகன் வெளிநாட்டில் இரவு வேலை செய்து அனுப்பிய காசு முழுவதும் போய்விட்டது. எங்கள் வாங்கிலில் உட்கார்ந்துதான் அழுதார்.

இனி விலைக்கு வருவோம். போனால் வந்த பெரிய மாற்றம் இதில்தான் என்பது எங்கள் எண்ணம். சென்ற போகத்தில் ஒரு தம்பி வந்து, மருந்து அடிக்கும் டாங்கி கொழும்பில் எங்களைவிட மலிவு என்று போனைத் திறந்து காட்டினார். பார்த்தோம், உண்மைதான். நாங்கள் இரண்டு கை மாறி வந்த சாமானை வாங்கிக்கொண்டிருந்தோம். இப்போது இறக்குமதி செய்பவரிடம் நேரே எடுக்கிறோம், விலையையும் குறைத்துவிட்டோம். வாசர் தேய்ந்தால் மாற்றித் தரும் வேலை முன்புபோலவே இங்கே நடக்கும்.

வாங்குகிற பக்கம் இப்படி என்றால், விற்கிற பக்கம் இதைவிட முக்கியம். கேரளக் கரையில் 1997 க்கும் 2001 க்கும் இடையில் கைத்தொலைபேசி ஊர் ஊராக வந்தபோது, சாளை மீன் விலைக்கு என்ன நடந்தது என்று றொபேட் ஜென்சன் என்ற பொருளியலாளர் ஆராய்ந்தார். போன் வருமுன் ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கடலில் கொட்டுவார்கள். 15 கிலோமீற்றருக்குள் இன்னொரு கரையில் வியாபாரிகள் மீனில்லாமல் வெறுங்கையோடு திரும்புவார்கள். படகில் இருந்தபடியே விலை கேட்க முடிந்த பிறகு மீன் வீணாவது நின்றது. மீனவரின் இலாபம் ஏறத்தாழ 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கச்சானும் அப்படித்தான். லொறி வயல் ஓரத்துக்கு வந்து நிற்கும், லொறிக்காரர் சொன்னதுதான் விலை. இந்த முறை ஒரு ஐயா கச்சானைக் காயப்போட்டுவிட்டு எங்களிடம் வந்து, வவுனியாவில் இரண்டு வியாபாரிகளுடன் எங்கள் போனிலேயே கதைத்து விலை கேட்டார். திரும்பிப் போய்ச் சொன்னதும் லொறிக்காரர் விலையை உயர்த்தினார். வேறு எதுவும் நடக்கவில்லை, கேட்டார், அவ்வளவுதான். ஏற்றுக்கூலி, கழிவு எல்லாம் இருக்கிறபடியால் தம்புள்ளை மொத்தச் சந்தை விலை அப்படியே நம் வயலில் கிடைக்காது. ஆனாலும் அது தெரிந்தால் எங்கிருந்து பேரம் பேசத் தொடங்குவது என்று தெரியும். மத்திய வங்கி நாளாந்த விலை அறிக்கை வெளியிடுகிறது. அதில் நமக்குத் தேவையானதை எடுத்து வட்ஸ்அப் குழுவில் போடுவோம். போன் இல்லாதவர்களுக்காகக் கடை வாசல் கரும்பலகையிலும் எழுதுவோம்.

கணக்குகளையும் கணினியில் ஏற்றுகிறோம். 2009 இல் எல்லாவற்றையும் விட்டு ஓடியபோது எங்கள் கடன் கொப்பியும் போனது. திரும்பி வந்து தகரக் கொட்டிலில் கடை போட்ட நாளில், நீங்களாகவே வந்து "இவ்வளவு தரவேணும்" என்று சொல்லித் தந்தீர்கள். ஒரு துண்டுக் கடதாசி கூட எங்கள் கையில் இருக்கவில்லை. அதை நாங்கள் மறக்கவில்லை. இனி அந்தக் கணக்கு தொலையக் கூடாது. ஒவ்வொரு போகமும் வாங்கிய விதை, உரத்துக்கு அச்சிட்ட பற்றுச்சீட்டு தருவோம், வங்கியில் கடன் கேட்கப் போகும்போது காட்டலாம். உங்கள் கணக்கை உங்களைத் தவிர வேறு யாருக்கும் காட்ட மாட்டோம்.

பழைய கொப்பியில் பெயர் உள்ளவர்கள் காலபோக விதைப்புக்கு முன்னர் ஒருமுறை வந்து கணக்கை ஒத்துப் பார்த்துவிடுங்கள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு கடையில் சனம் குறைவு. எங்கள் மகள்தான் கணினியில் இருப்பாள், செயலி போடத் தெரியாதவர்களுக்கும் அவளே காட்டித் தருவாள்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்,
பரந்தன்–முல்லைத்தீவு வீதி, விசுவமடு