பல்மருத்துவ இடத்துக்கும் ஒரு கூண்டு ஏற்றுங்கள்

பிடிஎஸ் என்னும் பல்மருத்துவப் பட்டப்படிப்புக்கான கலந்தாய்வை நடத்தும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

கலந்தாய்வின் விதிகளை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு சுற்றிலும் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்தத் தரவரிசை எண் வரை இடம் கிடைத்தது என்பதை ஒரே தாளில், தமிழில் வெளியிடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

நான் ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்துக்காரன், ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர். என்னிடம் படித்த பெண் ஒருத்தி 2025-இல் நீட் எழுதினாள். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். தேர்வு மே 4, மீன்பிடித் தடைக்காலத்தின் நடுவில், வீட்டில் காசு புழங்காத நாள்களில். முடிவு ஜூன் 14, தடையின் கடைசி நாளில். அன்று மாலை படகில் ஐஸ் ஏற்றப் போகிற வழியில் அவர் என் வாசலில் நின்று, "சார், கிடைக்குமா கிடைக்காதா, ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்.

பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் என்ன பொருள், மூன்றாம் எண் ஏறினால் என்ன பொருள் என்று அவருக்குத் தெரியும். உயிரைப் பணயம் வைக்கும் தொழிலுக்கே ஓர் எச்சரிக்கை உண்டு. மகளின் படிப்புக்கு இல்லை.

என் கையில் இருந்தது முந்தைய ஆண்டின் மதிப்பெண் மட்டுமே. 2024-இல் 720-க்கு 720 வாங்கியவர்கள் பலர். 2025-இல் முதலிடமே 686. பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண் 162-இலிருந்து 144-க்கு இறங்கிவிட்டது. பழைய முழக்கோலால் புதுத் துணியை அளந்தேன். முதல் சுற்றில் இடம் வரவில்லை என்றதும், "இனி வராது அம்மா" என்று சொன்னவன் நான்தான். அவள் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து ஒரு கலைக் கல்லூரியில் சேர்ந்தாள். அடுத்த சுற்றுக்கு விருப்பக் கல்லூரிகளைப் பதியவே இல்லை.

எம்பிபிஎஸ் கிடைத்தவர்கள் விட்டுப்போகும் பிடிஎஸ் இடங்கள் பின் சுற்றுகளில் கீழே இறங்கி வரும். கேள்விப்பட்டதுதான், எவ்வளவு இறங்கும் என்பது தெரியாது. ஆகவே நீங்கள் வெளியிட்ட ஒதுக்கீட்டுப் பட்டியலைக் கைப்பேசியில் திறந்தேன். வரி தவறாமல் இருக்கத் திரையின்மேல் அஞ்சலட்டையின் ஓரத்தை வைத்து, ஒவ்வொரு பெயராகத் தள்ளித் தள்ளி, ஒரு நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் குறித்தேன். இரண்டு இரவு. இரண்டாம் இரவில், அவளுக்குப் பின்னால் இருந்த எண்களுக்கு, அவளுடைய பிரிவிலேயே, சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டில் பிடிஎஸ் கிடைத்திருப்பதைக் கண்டேன். நோட்டை மூடிவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

நான் இரண்டு இரவில் செய்ததை உங்கள் கணினி ஒரு தேநீர் ஆறுவதற்குள் செய்துவிடும். அதைச் செய்யாததால் நகரங்களில் சிலர் 'வாய்ப்பைக் கணித்துத் தருகிறோம்' என்று கட்டணம் வாங்குகிறார்கள். உங்கள் பட்டியல், அவர்கள் கல்லா. புதிய பாம்பன் பாலம் திறந்து ரயில் தீவுக்குள் வந்துவிட்டது. தகவல் மட்டும் இன்னும் பாலத்துக்கு அக்கரையில், மண்டபம் ஊரிலேயே நிற்கிறது போலும். 2022-இல் ராமநாதபுரத்துக்கு மருத்துவக் கல்லூரி வந்தது, மகிழ்ச்சி. அரசுப் பல்மருத்துவக் கல்லூரி வேண்டுமென்றால் எங்கள் பிள்ளைகள் புதுக்கோட்டைக்கோ சிதம்பரத்துக்கோ சென்னைக்கோதான் போக வேண்டும். அந்தப் பெண் படித்தது அரசு உதவிபெறும் பள்ளி என்பதால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு இடஒதுக்கீடும் அவளுக்கு இல்லை. தெருவோ அதே தெரு, படகோ அதே படகு!

இதெல்லாம் உங்கள் மேசைக்கு வர வேண்டிய புகார்கள் அல்ல என்று தெரியும். பொறுத்தருள்க.

உங்கள் மேசைக்குரியது அந்த ஒரு தாள். மதிப்பெண்ணோடு தரவரிசை எண்ணும் இருக்கட்டும். முதல் சுற்றோடு நிறுத்தாமல் கடைசிச் சுற்று வரைக்கும் இருக்கட்டும். விருப்பக் கல்லூரிகளைப் பதியத் தொடங்கும் முன்பே வரட்டும். அவள் மறுபடியும் நீட் எழுதப்போகிறாள். அந்தத் தாளை அனுப்பிவையுங்கள். மீன்பிடி டோக்கன் கொடுக்கும் இடத்தின் சுவரில் ஒட்டும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பணிவுடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தங்கச்சிமடம்