அப்பாவுக்கு எழுதும் அஞ்சலி

ஆசிரியருக்கு,

நினைவஞ்சலிப் பக்கத்தில் வரும் அப்பாக்கள் எல்லோருமே 'அன்பின் சிகரம், பக்திமான், சமூக சேவகர்'. பெயரை மாற்றிப் போட்டால் யாருக்கும் பொருந்தும். துக்க வீட்டு அவசரத்தில் பழைய விளம்பரத்தைப் பார்த்து நிரப்பிவிடுகிறார்கள், பாவம்.

'சமூக சேவகர்' என்பதற்குப் பதில், எத்தனை ஆண்டு நூலகக் கணக்கைப் பார்த்தார், எந்த மனுக்களை மற்றவர்களுக்காக எழுதிக்கொடுத்தார் என்று இரண்டு வரி போடலாம். பிள்ளைகளைவிட, அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத்தான் இது தெரியும், அவர்களிடம் கேளுங்கள். பக்தியும் அப்படியே. வழிபாட்டுத் தலத்தை விடியலில் கூட்டிப் பெருக்கியவர் என்றால் ஆளே கண்முன் வந்துவிடுவார்.

பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழில் ஒன்று, வீட்டில் சொல்வது ஒன்றாக இருக்கும். எதைப் போடுவதென முதலிலேயே முடிவு செய்யுங்கள். மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயரில் ஒன்று விட்டுப்போனால் மனத்தாங்கல் வருடக்கணக்கில் நீளும். சற்று விலகி நிற்கும் உறவினர் ஒருவர் உரக்கப் படித்துச் சரிபார்க்கட்டும்.

சட்டம் போட்ட படத்தை அப்படியே கைபேசியில் எடுத்தால் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கும். கழற்றி, ஜன்னலோரம் வைத்து எடுக்கவும். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் இன்னும் நல்லது. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், கோப்பாக இணைத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்