டிஸ்க்கைக் கழற்றும் முன் சர்வரிடம் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கணினிக் கருவிகளை மின்கழிவாக ஒப்படைப்பது பற்றி நாளிதழ்களில் அடிக்கடி செய்தி வருகிறது. புதிய மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருப்பதால், அலுவலகங்களும் பழசைக் கண்டம் செய்து (பயன்படாதது என்று கழித்து), பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து, ரசீதைக் கோப்பில் வைக்கின்றன. இருப்புப் பதிவேட்டில் அந்த வரி அடிக்கப்பட்டுவிடுகிறது. சர்வரின் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குள் இருக்கும் பதிவேட்டை மட்டும் யாரும் தொடுவதில்லை. டிஸ்க் லாரி ஏறிப் போன பிறகும் அதன் பெயர் அங்கே ஐந்தாறு கோப்புகளில் இருக்கும். பெரும்பாலான சர்வர்களில் ஓடுவது லினக்ஸ் என்பதால் அதை வைத்தே சொல்கிறோம்.

முதல் அடி விழுவது எஃப்எஸ்டேப் கோப்பால். எந்த டிஸ்க்கை எந்த அடைவில் (டைரக்டரியில்) இணைக்க, அதாவது மவுண்ட் செய்ய, வேண்டும் என்ற பட்டியல் அது. இல்லாத டிஸ்க்குக்கு அதில் ஒரு வரி மிச்சமிருந்தால், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும் வரை எதுவும் தெரியாது. மாதங்கள் கழித்து ரீபூட் செய்யும்போது, சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி அந்த டிஸ்க்குக்காக 90 விநாடி காத்திருந்துவிட்டு, பழுதுபார்ப்பதற்கான எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும். அந்த நிலையில் நெட்வொர்க் வழியே உள்ளே போக முடியாது. சர்வரின் நேரடித் திரையான கன்சோலில் உட்கார்ந்து, முழு அதிகாரமுள்ள ரூட் கணக்கின் பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் வழக்கமாக ரூட் கணக்கு பூட்டியே இருக்கும் என்பதால் அந்த வழியும் சில சமயம் அடைபட்டிருக்கலாம். ஆகவே அந்த வரியை நீக்குங்கள். நீக்கியதும், அமைப்புகளை மறுபடி படிக்கச் சொல்லி சிஸ்டம்டிக்கு டீமன் ரீலோட் கட்டளை கொடுங்கள். இதை மறந்தால் அந்த வரியிலிருந்து சிஸ்டம்டி உருவாக்கிய பழைய மவுண்ட் யூனிட் நினைவில் தங்கிவிடும். அதே அடைவில் புது டிஸ்க்கை மவுண்ட் செய்தால் சில சமயம் உடனே தானாக அன்மவுண்ட் ஆகும், காரணம் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும். ஃபைண்ட்மவுண்ட் கட்டளையை வெரிஃபை விருப்பத்தோடு ஓட்டினால் கோப்பில் மீதியுள்ள தவறுகளை அதுவே காட்டும். டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட்டைத் தொடரச் சொல்லும் நோஃபெயில் விருப்பத்தை அந்த வரியில் சேர்த்துச் சமாளிப்பவர்கள் உண்டு. அது அவ்வப்போது செருகிக் கழற்றும் டிஸ்க்குகளுக்கானது, ஒரேயடியாகப் போய்விட்ட டிஸ்க்குக்கானது அல்ல.

நினைவகத்துக்குத் துணையான ஸ்வாப் பகுதி இருந்த டிஸ்க் என்றால் இன்னோர் இடத்தையும் பார்க்க வேண்டும். டெபியனிலும் உபுண்டுவிலும் இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு தற்காலிக ஃபைல் சிஸ்டம்) அமைப்பில் ரெஸ்யூம் என்ற சிறு கோப்பில் அந்தப் பகுதியின் பழைய அடையாள எண்ணான யுயுஐடி இருக்கலாம். ஒவ்வொரு பூட்டும் அதைத் தேடி வீணாகக் காத்திருக்கும். ரெட் ஹாட் வகைகளில் இதே தகவல், பூட் லோடரான கிரப் சிஸ்டத்தின் மையமான கெர்னலுக்குக் கொடுக்கும் வரியில் இருக்கும். அங்கே குறிப்பிட்ட லாஜிக்கல் வால்யூம் (டிஸ்க்குகளைத் தொகுத்துப் பிரித்த பகுதி) கிடைக்காவிட்டால் பூட் பாதியிலேயே டிராகட் ஷெல் என்ற அவசரக் கட்டளைத் திரையில் நின்றுவிடும். கிரப்பி கட்டளையால் பழைய டிஸ்க்கைக் குறிக்கும் சொல்லை நீக்கி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாகக் கட்டுங்கள்.

சர்வர்கள் நெட்வொர்க் வழியே பகிரும் சான் ஸ்டோரேஜில்தான் சேதம் பெரிது. சர்வரில் இரண்டு ஹெச்பிஏ (இணைப்பு அட்டை), ஸ்டோரேஜில் இரண்டு கன்ட்ரோலர் இருந்தால் ஒரே லன் (ஸ்டோரேஜ் ஒதுக்கித் தரும் டிஸ்க்) நான்கு பாதைகளில், எஸ்டி என்று தொடங்கும் நான்கு பெயர்களில் தெரியும். மல்டிபாத் என்ற மென்பொருள் அவற்றை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கும். பல இடங்களில் ஸ்டோரேஜ் பிரிவினர் முதலில் தங்கள் பக்கத்தில் லன்னை அன்மேப் செய்துவிட்டு (சர்வருக்கான இணைப்பை எடுத்துவிட்டு), பிறகு சர்வர் பிரிவுக்கு மின்னஞ்சல் போடுகிறார்கள். தலைகீழான வேலை இது. எல்லாப் பாதைகளும் அறுந்தால் 'வழி இல்லையேல் வரிசையில் நிறுத்து' என்ற மல்டிபாத் அமைப்பால் எழுத்தும் வாசிப்பும் தொங்கிப்போகும். அதைத் தொட்ட ஒவ்வொரு புராசஸும் டி நிலைக்கு, அதாவது இடையில் நிறுத்த முடியாத காத்திருப்புக்கு, போகும். கட்டாயமாக முடிக்கும் கில் மைனஸ் 9 போட்டாலும் சாகாது. டி நிலையில் இருப்பவற்றையும் லினக்ஸ் கணக்கில் சேர்ப்பதால், சிபியு சும்மா இருக்க, பணிச்சுமையைக் காட்டும் லோட் ஆவரேஜ் மட்டும் ஏறிக்கொண்டே போகும். என்ன நடக்கிறது என்று பார்க்க டிஸ்க் விவரம் காட்டும் டிஎஃப், பிவிஎஸ் கட்டளைகளை ஓட்டினால் அவையும் தொங்கும். அந்தக் கட்டத்தில் டிஎம்செட்டப் கட்டளை வழியே அந்த மேப்புக்கு (மல்டிபாத் ஒன்றாகக் கட்டிய டிஸ்க்குக்கு) 'பாதை இல்லையேல் தோல்வி என்று சொல்' என்ற செய்தியை அனுப்பினால் பெரும்பாலும் விடுபடும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அன்மேப் செய்த லன் எண்ணையே வேறொரு வால்யூமுக்குக் கொடுத்து அதே சர்வருக்கு மேப் செய்தால், நீக்கப்படாத பழைய எஸ்டி பெயர் இப்போது புதிய வால்யூமைச் சுட்டும். பழைய ஃபைல் சிஸ்டம் இன்னும் மவுண்டில் இருந்தால் அதன் எழுத்து புதிய வால்யூமின் மேல் போய் விழும்.

மேலிருந்து கீழே இறங்குவதே சரியான வரிசை. அப்ளிகேஷனை நிறுத்தி, ஃபைல் சிஸ்டத்தை அன்மவுண்ட் செய்யுங்கள். 'பிஸி' என்று மறுத்தால் ஃபியூசர் கட்டளையால் பிடித்திருப்பது யார் என்று பாருங்கள். சோம்பேறி அன்மவுண்ட் போட்டால் பெயர் மட்டும் மறையும், பிடி விடாது. பல டிஸ்க்குகளை ஒரு தொகுப்பாக்கும் எல்விஎம் இருந்தால் மற்ற டிஸ்க்குகளில் இடமிருக்கிறதா என்று பார்த்து, தரவை அங்கே நகர்த்த பிவிமூவ், பிறகு தொகுப்பிலிருந்து டிஸ்க்கை விலக்க விஜிரெடியூஸ், பிறகு அதன் எல்விஎம் அடையாளத்தை நீக்க பிவிரிமூவ். டிஸ்க் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் 'காணாமல் போனதை நீக்கு' என்ற விருப்பம் விஜிரெடியூஸில் உண்டு. அதோடு ஃபோர்ஸையும் சேர்த்தால், அந்த டிஸ்க்கில் ஒரு துண்டு இருந்த லாஜிக்கல் வால்யூம்கள்கூட முழுதாக நீக்கப்பட்டுவிடும். எச்சரிக்கையைப் படிக்காமல் என்டர் தட்டாதீர்கள்.

அடுத்து மல்டிபாத் எல்எல் கட்டளையின் வெளியீட்டில் லன்னின் அடையாள எண்ணான டபிள்யுடபிள்யுஐடியையும் நான்கு பாதைகளின் பெயர்களையும் எழுதி வைத்துக்கொண்டு, மேப்பை நீக்கி, ஒவ்வொரு பாதையிலும் பஃபரை (எழுதப்படக் காத்திருக்கும் தரவை) காலி செய்து, கெர்னல் அறிந்த கருவிகளைக் காட்டும் சிஸ் அடைவில் அந்த டிஸ்க்குக்கு உரிய டெலீட் கோப்பில் 1 என்று எழுத வேண்டும். நான்கும் போனதை உறுதி செய்த பிறகே ஸ்டோரேஜ் பிரிவுக்கு அன்மேப் செய்யச் சொல்லலாம். மல்டிபாத்தின் டபிள்யுடபிள்யுஐடி பட்டியலில் இருந்தும் அதை எடுக்க வேண்டும். ரெட் ஹாட் 9-இல் எல்விஎம் தான் பயன்படுத்தும் டிஸ்க்குகளின் பட்டியலாகத் தனக்கென ஒரு டிவைஸ் கோப்பு வைத்திருக்கிறது. அங்கும் ஒரு வரி நீக்க வேண்டியிருக்கும்.

நேரடியாகச் செருகிய டிஸ்க்குகளில் குழப்பம் வருவது பெயரால். நேற்று எஸ்டிபி என்றிருந்தது ரீபூட்டுக்குப் பிறகு எஸ்டிசி ஆகலாம். சீரியல் எண்ணைப் பாருங்கள். சேசிஸ் (சர்வர் பெட்டி) இடம் கொடுத்தால் லெட்மான் மென்பொருள் தொகுப்பால் அந்த டிஸ்க்கின் விளக்கை மின்னவிட்டுக் கழற்றுங்கள். மென்பொருள் ரெய்டாக (பல டிஸ்க்குகளை ஒன்றாக இயக்கும் அமைப்பாக) இருந்தால் எம்டிஅட்ம் கட்டளை கொண்டு முதலில் ஃபெயில், பிறகு ரிமூவ், அதன்பின் டிஸ்க்கில் ரெய்டு விவரம் பதிந்திருக்கும் சூப்பர்பிளாக்கை அழிப்பது. கடைசி வேலையை விட்டுவிட்டு அந்த டிஸ்க்கை வேறு சர்வரில் செருகினால், பழைய ரெய்டு அங்கே பாதி உயிரோடு எழுந்து நிற்கும். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவு வைக்கும் ரெய்டில் கழற்றுவது முதல் டிஸ்க் என்றால் கிரப் இரண்டாவதிலும் நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தரவு இரண்டிலும் பத்திரமாக இருக்க, பூட் லோடர் மட்டும் ஒன்றில் இருப்பது மிகச் சாதாரணம்.

ஃபிளாப்பி இன்னும் இருக்கிறதா என்று சிரிக்க வேண்டாம். மென்பொருளாகவே ஓடும் மெய்நிகர் சர்வர்களில் ஃபிளாப்பி கன்ட்ரோலர் இயங்குநிலையிலேயே இருப்பதால், எஃப்டி0 என்ற ஃபிளாப்பியில் ஐஓ எரர் (படிக்கவோ எழுதவோ முடியாத பிழை) என்று கெர்னல் பதிவு நிரம்புவதைப் பல இடங்களில் காணலாம். 2015-இல் வெளிவந்த வெனம் என்ற பாதுகாப்பு ஓட்டை, மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் கியூஇஎம்யு மென்பொருளின் இந்த ஃபிளாப்பி கன்ட்ரோலர் நிரலில்தான் இருந்தது. சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிந்த பின் மேம்படுத்த முயன்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: ஃபிளாப்பி, பாட்டா ஏசிபிஐ (பழைய வகை டிஸ்க் இணைப்பு) ஆகிய டிரைவர்கள் ஏற்றப்பட்டிருக்கின்றன என்று சொல்லி, மேம்படுத்த உதவும் லீப் கருவி மறுத்துவிடும். அவற்றை ஆர்எம்மாட் கட்டளை கொண்டு இறக்கி, மறுபடி ஏறாதபடி மாட்புரோபின் பிளாக்லிஸ்ட்டில் (தடைப் பட்டியலில்) சேர்த்து, மெய்நிகர் இயந்திரத்தின் பயாஸிலும் அணைத்துவிட்டால் தீர்ந்தது.

கண்டம் செய்யும் படிவத்தில் 'தரவு அழிக்கப்பட்டது' என்ற கட்டம் பல இடங்களில் கடைசியாக இருக்கிறது. அதை முன்னால் கொண்டுவர வேண்டும். ஆப்பரேட்டிங் சிஸ்டத்திலிருந்து நீக்கிவிட்ட டிஸ்க்கை அங்கிருந்து அழிக்க முடியாது. எஸ்எஸ்டியில் மேலெழுதுவது போதாது. அது தேய்மானத்தைச் சமன்செய்ய வேறு செல்களில் எழுதிக்கொள்ளும், பழைய தரவு உள்ளேயே தங்கலாம். அதற்கென உள்ள செக்யூர் எரேஸ் கட்டளையே சரி. படிவத்தில் இன்னும் இரண்டு கட்டங்கள் வேண்டும்: ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் நீக்கியவர் கையொப்பம், நீக்கிய பின் ரீபூட் செய்து பார்த்த தேதி. அந்த ரீபூட்டில், டிஸ்க்குகளின் நலனைக் கண்காணிக்கும் ஸ்மார்ட்டிடி சேவையையும் கவனியுங்கள். அதன் கோப்பில் இல்லாத டிஸ்க்கின் பெயர் இருந்தால் அது மற்ற டிஸ்க்குகளையும் கண்காணிக்காமல் வெளியேறிவிடும். அடுத்த டிஸ்க் சாகும்போது எச்சரிக்கை வராது.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகிகள் சிலர்,
சென்னை