படம் நன்றாக வந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 31 ஆண்டுகள் எக்ஸ்ரே அறையில் நின்று ஓய்வு பெற்றவன் நான். போன மாதம் என் மூன்று வயதுப் பேத்திக்கு நெஞ்சுப் படம் எடுக்கப் போனபோது கண்ணில் பட்டதை எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

படம் அருமையாக இருந்தது. எடுத்த இளைஞரும், "சூப்பரா வந்திருக்கு சார்" என்றார். ஆனால் திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 'டி.ஐ. +6' என்று நின்றது. டீவியேஷன் இண்டெக்ஸ் என்கிற அந்த எண், கொடுத்த கதிர் சரியான அளவாக இருந்தால் பூஜ்யம் காட்டும். 3 ஏறினால் இரண்டு மடங்கு; 6 ஏறினால் நான்கு மடங்கு. முந்தைய பெரியவருக்கு வைத்த செட்டிங்கை மாற்றாமலே பட்டனை அழுத்தியிருக்கிறார்.

பிலிம் காலத்தில் கதிர் இப்படிக் கூடிப்போனால் படம் கரியாக வந்து விழும். டாக்டர் அன்றே திருப்பி அனுப்பிவிடுவார். இப்போது கணினி கறுப்பையும் வெளுப்பையும் தானே சரிக்கட்டிவிடுகிறது. கதிர் குறைந்தால்தான் படம் முழுக்க மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்தப் பயத்தில் "எதற்கும் கொஞ்சம் கூட்டியே வைப்போம்" என்ற பழக்கம் வந்துவிடுகிறது.

கண்ணை மூடிக்கொண்டு குறைக்கச் சொல்லவில்லை. புள்ளி விழுந்த படத்தைத் திரும்ப எடுத்தால் இன்னொரு முறை கதிர். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கேவி, அதாவது எக்ஸ்ரே குழாய்க்குக் கொடுக்கும் மின்னழுத்தம், ஏற ஏறக் கதிர் ஆழமாக ஊடுருவும். அதை 15 சதவீதம் கூட்டினால் எம்.ஏ.எஸ்.ஸை, அதாவது மில்லிஆம்பியரை விநாடியால் பெருக்கி வரும் கதிர் அளவை, பாதியாக்கலாம். ஆனால் சிதறலும் கூடி, எலும்புக்கும் சதைக்கும் உள்ள வேறுபாடு மங்கும். குழந்தைகளுக்கோ நேரம்தான் உயிர். அழுகிற பிள்ளையிடம் "மூச்சை அடக்கு" என்று சொல்ல முடியுமா? 50 மில்லிஆம்பியரில் 0.04 விநாடி வைத்தாலும், 200-இல் 0.01 விநாடி வைத்தாலும் எம்.ஏ.எஸ். 2தான். முதலாவதில் உதரவிதானத்தின் விளிம்பு கலங்கிப்போகலாம். இரண்டாவதில் கோடு கிழித்ததுபோல நிற்கும். இந்த நுணுக்கத்துக்காக நாங்கள் எத்தனையோ நாள் மெனக்கெட்டிருக்கிறோம்.

பெற்றோர் இதைப் படித்துவிட்டுப் பயந்து படமே வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. ஒரு நெஞ்சுப் படத்தின் கதிர் மிகக் குறைவு. நோயைக் கண்டுபிடிக்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. ஆனால் தேவையில்லாத நான்கு மடங்கு எதற்கு?

அந்த இளைஞர் மீது எனக்குக் கோபமில்லை. அந்த எண் எதற்கென்று யாருமே தனக்குச் சொல்லித்தரவில்லை என்றார். வயதுக்கும் உடல்பருமனுக்கும் ஏற்ற அளவு அட்டவணை ஒவ்வொரு எக்ஸ்ரே மேஜைக்கும் எதிரே ஒட்டப்பட வேண்டும். எடுத்த படம் ஒவ்வொன்றுக்கும் டி.ஐ. எண்ணைக் குறித்துவைத்து, வாரம் ஒருமுறை பொறுப்பாளர் பார்க்க வேண்டும். இதற்குப் புது இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேடியோகிராபர் ஒருவர்