எழும்பும் சுவருக்கு முன் மதகைக் கவனியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தில்லியில் யமுனைக் கரையோரம் தானாக எழும்பும் வெள்ளத் தடுப்புச் சுவர் வேண்டும் என்று கடந்த இதழ்க் கட்டுரை சொல்கிறது. ஆசை நியாயமானதுதான். ஆனால் அந்தச் சுவர் இங்கே எந்த இடத்துக்குப் பொருந்தும் என்று முதலில் பார்க்க வேண்டும்.

நெதர்லாந்தின் ஸ்பாகன்பர்க் துறைமுகத்தில் இப்படிப்பட்ட சுவர் சுமார் 300 மீட்டர் நீளத்துக்கு இருக்கிறது. உயரம் 80 செ.மீ. கரைக்குள் ஒரு கான்கிரீட் தொட்டி, அதற்குள் மிதக்கும் சுவர், மேலே நடைபாதையோடு சமமாக ஒரு மூடி. நீர்மட்டம் ஏறினால், ஆற்றுப் பக்கத்துக் குழியிலிருந்து குழாய் வழியே தண்ணீர் தொட்டிக்குள் போய்ச் சுவரை மேலே தூக்கும். மின்சாரமும் வேண்டாம், ஆளும் வேண்டாம். வெள்ளம் வடிந்ததும் தொட்டி நீர் வெளியேற, சுவர் தானே உள்ளே இறங்கும்.

இதன் எதிரி வண்டல். மழைக்கால யமுனை நீர் கலங்கிய சேற்று நீர். தண்ணீர் நுழையும் குழியின் கம்பி வலையில் பிளாஸ்டிக் பை அடைத்தாலோ, தொட்டியின் அடியில் சேறு இறுகினாலோ சுவர் பாதியில் நின்றுவிடும். மூடிமேல் ஒரு வண்டியை நிறுத்தியிருந்தாலும் அதே கதிதான். ரப்பர் சீல் நம் ஊர் வெயிலில் வெடித்துவிட்டால் இடுக்கு வழியே தண்ணீர் பீறிடும்.

உயரத்தையும் யோசியுங்கள். 1 மீட்டர் நீர், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் சுமார் 500 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். 2 மீட்டர் என்றால் 2,000 கிலோ. சுவரைக் கவிழ்க்கும் விசையோ எட்டு மடங்காகும். கரைக்கு அடியில் மண் வழியே ஊறிவரும் நீரையும் மேலே நிற்கும் சுவர் தடுக்காது. அதற்குத் தரைக்குள் தகடு இறக்க வேண்டும்.

தானியங்கிச் சுவர் தேவைப்படுவது எச்சரிக்கை நேரம் இல்லாத ஊருக்கு. நமக்கு நேரம் இருக்கிறது. 2023 ஜூலை 11 அன்று, யமுனையில் தில்லிக்கு மேலே ஹரியாணாவில் உள்ள ஹத்னிகுண்ட் தடுப்பணையில் வினாடிக்கு 3.59 லட்சம் கன அடி வரை திறந்தார்கள்; தில்லியின் பழைய இரும்புப் பாலத்தில் 208.66 மீட்டர் என்ற உச்சம் வந்தது 13ஆம் தேதி. அபாய அளவு 205.33. இரண்டு நாள் கையில் இருக்கும்போது, சாலை கரையைக் கடக்கும் இடங்களில் கையால் அடுக்கும் அலுமினியத் தடுப்பே போதும். தூண்களைத் தரையில் பதித்த குழிகளில் நிறுத்தி, பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, மேலிருந்து திருகி அழுத்தினால் ரப்பர் இறுகிக்கொள்ளும். பலகைகளைப் பூட்டிய கிடங்கில் வைக்க வேண்டும். அந்தக் குழிகளில் மண் புகாமல் மூடி போட வேண்டும்.

இதையெல்லாம்விட அவசரமான வேலை மதகுகள். அந்த 2023 வெள்ளத்தில் இந்திரபிரஸ்தா அருகே 12ஆம் எண் வடிகாலின் மதகு சேதமடைந்ததால் ஆற்று நீர் வடிகால் வழியே மத்திய தில்லியின் ஐடிஓ சந்திப்புப் பக்கம் ஏறியது. ஐடிஓ தடுப்பணையின் 32 மதகுகளில் 5 சேறு அடைத்துத் திறக்காமல் நின்றன. வடிகால் வாய் திறந்து கிடந்தால், கரையில் எவ்வளவு உயரச் சுவர் எழுந்தும் பயனில்லை.

எனவே பாசனத் துறையிடம் கேட்க வேண்டியது இது: ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் எல்லா மதகுகளையும் முழுவதும் ஏற்றி இறக்கிப் பார்த்து, எது எந்த நாளில் முழுமையாக மூடியது என்ற பட்டியலை வெளியிடுங்கள். மதகு மூடியிருக்கும்போது உள்ளே தேங்கும் மழைநீரை ஆற்றில் தள்ள டீசல் பம்புகளையும் அங்கேயே நிறுத்திவையுங்கள்.

– நீர்ப்பொறியியல் துறை வாசகர்,
மயூர் விஹார், தில்லி