ஐந்நூறு பேரின் துணிச்சல்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், மெக்சிகோவை ஸ்பானியர் பிடித்த வரலாற்றை எழுதிய கட்டுரையாளர், ஐந்நூறு வீரர்கள் தங்கள் துணிச்சலால் ஒரு பேரரசையே மண்டியிட வைத்தார்கள் என்று முடித்திருக்கிறார். முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்திய எனக்கு, அந்த வரியைத் தாண்டி அன்று வேறெதையும் படிக்க மனம் வரவில்லை.

தாங்கள் அறியாததை நான் சொல்லப் போவதில்லை. 1521 ஆகஸ்ட் 13 அன்று, மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக்குகளின் தலைநகரான டெனோச்டிட்லான் விழுந்தபோது, ஸ்பானியப் படைத்தலைவர் கோர்ட்டேசின் பக்கம் நின்றவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த மண்ணின் மக்களே. அஸ்டெக்குகளுக்கு அடிபணியாமல் நெடுங்காலம் பகைத்து நின்ற ட்லாக்ஸ்கலா மக்கள் பல்லாயிரக்கணக்கில் அவருடன் வந்தார்கள். முந்தைய ஆண்டே பெரியம்மை நகருக்குள் புகுந்து, மன்னர் குயிட்லாவாக் உட்பட எண்ணற்றோரைக் கொண்டுபோயிருந்தது. அப்படியிருக்க, இந்தத் துணிச்சல் கதை எங்கிருந்து வந்தது? கோர்ட்டேஸ் தம் மன்னருக்கு எழுதிய கடிதங்களிலிருந்துதான். கியூபா ஆளுநரின் உத்தரவை மீறிப் படையெடுத்தவர், தம் செயலை நியாயப்படுத்த எழுதிய கடிதங்கள் அவை. யார், யாருக்கு, எதற்காக எழுதினார் என்று கேட்காமல் ஓர் ஆவணத்தை நம்பக் கூடாது என்பதை என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே அறிவார்கள். அதே முற்றுகையை நகருக்குள்ளிருந்து அனுபவித்தவர்களின் நினைவுகள், சில பத்தாண்டுகளுக்குப் பின் சாகூன் என்ற பாதிரியாரின் முயற்சியால் அவர்களின் நாவாட்டில் மொழியிலேயே எழுதி வைக்கப்பட்டன. உடம்பெங்கும் கொப்புளம் கண்டு புரண்டு படுக்கவும் முடியாமல் கிடந்தவர்களும், உணவு கொடுக்க ஆளின்றிப் பசியால் மாண்டவர்களும் அதில் இருக்கிறார்கள். தங்கள் கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

மெக்சிகோ எங்கோ இருக்கிறது என்றும் விட்டுவிட முடியாது. எங்கள் சேலத்து ஜவ்வரிசி ஆலைகளில் அரைபடும் மரவள்ளியும், கொலம்பசுக்குப் பின் அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த பயிர்தான்.

இது முதல் முறையாக இருந்தால் பொறுத்திருப்பேன். வாஸ்கோடகாமா இந்தியாவைக் கண்டுபிடித்தார் என்று மாணவர் பக்கத்தில் வந்தபோதும் எழுதினேன். 1498இல் அவர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அரபு வணிகர்கள் கோழிக்கோட்டில் வணிகம் செய்துவந்ததையும், அவர் கொண்டுவந்த தொப்பிகளையும் கைகழுவும் பாத்திரங்களையும் கண்டு அந்நகரின் மன்னரான சாமூதிரியின் ஆட்கள் சிரித்ததைப் போர்ச்சுகீசியரின் பயணக் குறிப்பே சொல்வதையும் அதில் சுட்டிக்காட்டியிருந்தேன். அக்கடிதம் வெளிவரவில்லை. தங்கள் கோடை விழா மலரிலோ, 1820களில் கலெக்டர் காக்பர்ன் காபி பயிரிட்டதிலிருந்துதான் ஏற்காட்டுக்கு வரலாறே தொடங்குகிறது.

ஒருமுறை மாணவர்களை ஏற்காட்டுச் சேர்வராயன் கோயிலுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அங்கே அம்மலையின் மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் மூன்று கூழாங்கற்களைத் தரையில் தள்ளித் தள்ளி வைத்து, தம் முன்னோராகிய, காஞ்சியிலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் மலைக்கு ஒருவராகக் குடியேறிய கதையைச் சொன்னார். "இது பாடத்துல இல்லையே சார்" என்றான் ஒரு பையன். பெரியவர் ஒன்றும் பேசாமல் அந்தக் கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டார். இன்றைக்கும் அது என் மனதை அறுக்கிறது. அவர் சொன்னதை அப்படியே நம்பும்படி நான் மாணவர்களிடம் சொல்லவில்லை. கலெக்டரின் குறிப்பை எப்படிச் சோதிப்போமோ, அப்படியே இதையும் சோதிக்க வேண்டும், ஆனால் முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்றேன். அந்த மரியாதையைத்தான் தங்கள் பக்கங்களில் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கட்டுரையாளரைப் புண்படுத்துவது என் நோக்கமன்று. ட்லாக்ஸ்கலா மக்களையும் பெரியம்மையையும் குறிப்பிட்டு, வரும் ஞாயிறு இணைப்பில் இரண்டு வரித் திருத்தம் வெளியிடுமாறு மட்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதத்தை வெளியிட இடமில்லாவிட்டாலும், அந்த இரண்டு வரிகளுக்காவது இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
அம்மாபேட்டை, சேலம்.